சப்வூஃபர் வாங்கும் முன் நாற்காலியை நகர்த்திப் பாருங்கள்

களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பென்டிரைவோடு பாளையங்கோட்டைக்கு என்னிடம் வந்தார். இசக்கியம்மன் கோயில் கொடை விழாவுக்காக வீட்டிலேயே பதிவு செய்த வில்லுப்பாட்டு. போட்டுக் கேட்டேன். புலவரின் குரல் நன்றாக இருக்கிறது, வீசுகோல் வில்லில் விழுவது பளிச்சென்று கேட்கிறது, உடுக்கையும் இருக்கிறது. தாளத்துக்கு அடிக்கிற குடத்தின் ஒலியைத்தான் காணோம்.

"அண்ணாச்சி, எங்க ரூம்ல குடம் இடியா இடிக்கு. இங்க எங்க போச்சு?" என்றார்.

பதிவைச் சோதித்துக் கேட்கிற மானிட்டர் ஸ்பீக்கர், எட்டு அங்குலத்தில் ஒரு ஜோடி, தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள பத்து அங்குல சப்வூஃபர் ஒன்று, எல்லாம் தவணையில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு போய் அந்த அறையைப் பார்த்தேன். பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். கட்டிலுக்கு இடம் விட்டதில் நாற்காலி பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சப்வூஃபர் மூலையில்.

போனில் ஒரே சுருதியை எழுப்பும் டோன் ஆப்பைப் போட்டு, அவர் ஸ்பீக்கர் வழியே 57 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 57 அதிர்வில், விட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் பீரோ கதவு நடுங்குகிறது. எழுந்து அறையின் நடுவுக்கு இரண்டு எட்டு வைத்தால் சத்தத்தைக் காணோம். தம்பியை நாலைந்து தடவை முன்னும் பின்னும் நடக்கவிட்டேன். "யாரோ சுவிட்ச் போட்டு அமத்துத மாதிரில்லா இருக்கு!" என்றார்.

கணக்கு எளிதானதுதான். ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 10 அடி என்றால், போய்த் திரும்ப 20 அடி. 1,130ஐ 20ஆல் வகுத்தால் 56, 57 வருகிறது. அந்தச் சுருதி அந்த அறையில் சுவரோரம் உப்பும், நடுவில் வற்றும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று தொல்லையும் ஒரே சுருதியில் வந்து உட்காரும். சுவரோரம் குடம் உப்பிக் கேட்டதால்தான் தம்பி குடத்தைக் குறைத்துவைத்தார். மூலையில் இருந்த சப்வூஃபர் அதை இன்னும் ஊதிவிட்டது. காசு கொடுத்துப் பொய் சொல்ல ஆள் வைத்த கதை.

திருநெல்வேலி டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. பட்டாசல் என்கிற கூடம் நீளமாகப் போகும், மேலே மரச்சட்டமும் ஓட்டுக்கூரையும். தாழ்ந்த ஒலி பாதி வெளியே போய்விடும். கான்கிரீட் பெட்டி எதையும் வெளியே விடாது.

சரி, பத்துக்குப் பத்து அறைக்கு எந்த மானிட்டர்? என்னைக் கேட்டால் ஐந்து அங்குலம் போதும். யமஹா எச்எஸ்5 கீழே 54 ஹெர்ட்ஸ் வரை போகும் என்று அதன் குறிப்பேடே சொல்கிறது, எச்எஸ்8 என்றால் 38 வரை. அந்த அறையில் 38 எதற்கு? சமாளிக்க முடியாத விருந்தாளி. இரண்டு ஸ்பீக்கரும் நம் தலையும் சம முக்கோணமாக இருக்க வேண்டும், கீச்சொலி தருகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். சுவரிலிருந்து இரண்டடி, மூன்றடி தள்ளிவைத்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன அறையில் அது பள்ளம் பறிக்கும், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஒரு சுருதியை அமத்திவிடும்: இரண்டடி என்றால் 140 ஹெர்ட்ஸ் பக்கம், மூன்றடி என்றால் 95 பக்கம். நாம் பார்த்து உட்காரும் முன்சுவரை ஒட்டினாற்போல் வைத்துவிட்டு, ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் ரூம் கன்ட்ரோல் சுவிட்சில் தாழ்ந்த ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி முன்சுவரிலிருந்து நாலடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். அங்கே தொடங்கி, காது சொல்கிறபடி அரையடி அரையடியாக நகர்த்துங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

அப்புறம் சுவர். முட்டை அட்டையை ஒட்டிவிட்டு ஸ்டுடியோ ஆகிவிட்டது என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் பத்தமடைப் பாயைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் 57 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளமே கிட்டத்தட்ட 20 அடி. பாயும் முட்டை அட்டையும் அதற்குக் கொசுவலை மாதிரி. கீச்சொலிதான் கொஞ்சம் மட்டுப்படும், அதனால் அறை இன்னும் மந்தமாகத் தெரியும். நாலு அல்லது ஆறு அங்குல ராக்வூலை (பாறைப் பஞ்சு) சட்டத்தில் அடைத்துத் துணி சுற்றி, மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை நிறுத்துங்கள். வெட்டும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம். சப்வூஃபருக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் இதில் போடச் சொல்வேன்.

சப்வூஃபரே கூடாது என்று சொல்லவில்லை. சினிமா வேலை, கொடைக்குப் பெரிய பாக்ஸில் ஓடப்போகிற பாட்டு, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் வைக்கிற பையன்கள், இவர்களுக்கு அது தேவை. வாங்கினால் அதை முதலில் உங்கள் நாற்காலியின் மேல் தூக்கிவையுங்கள். பேஸ் ஏறி இறங்கி நடக்கிற பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து கேளுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபர். ஒயரைக் கணினியின் ஒலிப்பெட்டியான இன்டர்ஃபேஸிலிருந்து சப்வூஃபருக்கும், அங்கிருந்து மானிட்டருக்கும் கொண்டுபோய், 80 ஹெர்ட்ஸில் பிரியுங்கள்: அதற்குக் கீழே சப்வூஃபர், மேலே மானிட்டர். இரண்டும் ஒரே ஒலியைத் தந்தால் மறுபடியும் பொய்தான். 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. கடைசியாக லெவல். சப்வூஃபர் ஓடுவதே தெரியாமல், நிறுத்தினால் மட்டும் குறை தெரிகிற அளவுக்கு வையுங்கள்.

சத்தத்தைக் கூட்டினால் பேஸ் கூடினது போலத் தோன்றும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே ஒரே அளவில் கேட்டுப் பழகுங்கள், சின்ன அறைக்கு 75 டெசிபல் தாராளம். 85ஐத் தாண்டி நாள் முழுக்க உட்கார்ந்தால் போவது காது.

இன்னொன்று. ஸ்பீக்கரில் ஹம் என்கிற இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுகிறவர்களை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன். உயிரோடு விளையாட்டு அது. இரைச்சலை அடக்குகிற பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள், எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுங்கள். அப்படியும் போகாவிட்டால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வீட்டின் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் பாட்டு எங்கே ஓடப்போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். மைக் செட்டுக்காரர் மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் ஒழுங்காகத் தராது. போன் ஸ்பீக்கரும் அப்படியே. அங்கே குடம் என்று காதுக்குத் தெரிவது, குடத்தின் வாயில், அதை அடிக்கிற தட்டையான பத்தி விழுகிற அந்த 'டப்' மட்டுமே. அடியொலியைச் சீராக வைத்துவிட்டு, இந்த 'டப்'பைக் காப்பாற்றினால் குழாயிலும் குடம் இருக்கும்.

தம்பியின் அறையில் கட்டிலைத் திருப்பிப் போட்டோம், நாற்காலியை முன்னுக்கு இழுத்தோம், சப்வூஃபரை அணைத்தோம். அன்றைக்கே மறுபடி மிக்ஸ் செய்தார். குடத்துக்குக் கூட்டியது நாலு டெசிபல். செவ்வாய்க்கிழமை கொடையில் குழாயிலும் கேட்டது, பாக்ஸிலும் கேட்டது. சப்வூஃபர் இப்போது மேசைக்கு அடியில் இருக்கிறது. தவணை இன்னும் ஏழு மாதம் பாக்கி.