பொலிஸ் பார்த்திருக்கப் போன பொருள்: வன்னியில் களவு கொடுத்தவருக்கு என்ன உரிமை?

மாடு கடத்தும் கூட்டத்தையோ மோட்டார் சைக்கிள் களவெடுக்கும் கூட்டத்தையோ பொலிஸார் மறைவாகக் கண்காணிக்கும்போது, முதல் களவிலேயே கைவைக்காமல் விடுவதுண்டு. வாங்குகிறவன் யார், ஏற்றுகிற வாகனம் யாருடையது என்று தெரிந்தபின் எல்லோரையும் ஒன்றாகப் பிடிக்கலாம் என்பது அவர்களின் கணக்கு. இடையில் போனது உங்கள் பட்டி மாடாக இருந்தால் அந்த நட்டத்தை நீங்கள் பேசாமல் சுமக்க வேண்டியதில்லை. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, குற்றவாளியைக் கண்டுபிடிப்பதை மட்டும் பொலிஸாரின் கடமையாகச் சொல்லவில்லை. குற்றம் நடக்காமல் தடுப்பதையும் அதே பிரிவில் கடமையாக வைத்திருக்கிறது.

களவு தெரிந்த அன்றே முறைப்பாடு செய்யுங்கள். "அந்தக் கூட்டத்தை ஏற்கனவே பார்த்துக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்" என்று வாய்ச்சொல்லால் திருப்பி அனுப்பினால் திரும்பி வரக்கூடாது. உங்கள் பெயரில் பதிவு இல்லாவிட்டால் பின்னால் எந்தக் கதவும் திறக்காது. தமிழிலேயே சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பமிடுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால், விளங்காமல் ஒப்பமிடாதீர்கள். முறைப்பாட்டைப் பதிந்த பொலிஸ் புத்தகத்தின் பெயர், பக்கம், பந்தி இலக்கம், திகதி நான்கையும் குறித்துக்கொண்டு, பிரதி கேளுங்கள். மாட்டுக்குக் குறிசுட்ட அடையாளமும் காதுப்பட்டி இலக்கமும், மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சின், சேசிஸ் இலக்கங்களும், தண்ணீர்ப் பம்புக்கு வாங்கிய பற்றுச்சீட்டும் முறைப்பாட்டில் ஏற வேண்டும். "ஒரு சிவப்புப் பசு" என்று மட்டும் எழுதினால், பிடிபட்ட பத்து மாடுகளுக்குள் உங்களுடையதை நிறுவவே முடியாது.

பொருள் பிடிபட்டுவிட்டால் அதைப் பொலிஸ் நிலையம் தன் விருப்பப்படி வைத்திருக்க முடியாது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431ஆம் பிரிவின்படி, களவுப் பொருள் என்று சந்தேகித்துக் கைப்பற்றியதை உடனடியாக நீதவானுக்கு அறிவிக்க வேண்டும். யாரிடம் ஒப்படைப்பது என்பதை நீதவான் தீர்மானிப்பார். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது பலர் நம்புகிற, ஆனால் பிழையான எண்ணம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என எந்த நீதவான் நீதிமன்றத்தில் சந்தேகநபரை முற்படுத்துகிறார்களோ, அங்கேயே சட்டத்தரணி மூலம் விண்ணப்பிக்கலாம். படம் எடுத்து, அடையாளம் பதிந்து, தேவைப்படும்போது கொண்டுவருவேன் என்ற பிணையில் பொருளைக் கேளுங்கள். கறவை மாடு, உழவு இயந்திரம் என்றால், அது நிற்கும் ஒவ்வொரு நாளும் உண்டாகும் நட்டத்தையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். அதே பொருளுக்கு வேறொருவரும் உரிமை கோரினால், இந்தக் கட்டளை யார் கையில் இருப்பது என்பதை மட்டுமே முடிவு செய்யும். உரித்துப் பிரச்சினை மாவட்ட நீதிமன்றத்துக்குரியது.

பொலிஸார் முன்கூட்டியே அறிந்திருந்தார்கள் என்பதை எப்படி நிறுவுவது? பெரும்பாலும் அவர்களுடைய சொந்த அறிக்கைதான் காட்டிக்கொடுக்கும். விசாரணை பற்றி நீதவானுக்குச் சமர்ப்பிக்கும் பீ (B) அறிக்கையில், எப்போது தகவல் கிடைத்தது, எத்தனை நாள் கண்காணித்தார்கள் என்று எழுதியிருக்கக்கூடும். வழக்கேட்டிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். விசாரணைக்குப் பாதகம், தகவலாளி யாரென்று வெளிப்படும் என்ற காரணங்களால் மறுக்க இடமுண்டு. தகவல் கொடுத்தவரின் பெயரைக் கேட்காதீர்கள், அது கிடைக்காது, கேட்பதும் நியாயமில்லை. திகதிகளையும் கைப்பற்றிய பொருட்களின் பட்டியலையும் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது காலக்கெடு. பொலிஸார் அறிந்தும் தடுக்காமல் விட்டதற்கு எதிராக, அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பொலிஸாருக்கு முன்பே தெரியும் என்பது பின்னர்தான் தெரியவந்தது என்றால் அந்த நாளிலிருந்து எண்ணுமாறு வாதிடலாம். அதற்காகத்தான் பீ அறிக்கை கைக்கு வந்த திகதியைக் காட்டும் தாள் முக்கியமாகிறது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறையிட்டதற்கான சீட்டு மட்டும் போதாமல் போகலாம். விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதத்தையும் வாங்கி வையுங்கள். வவுனியாவில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

அறிந்தும் செயற்படாமல் இருப்பது உரிமை மீறலாகலாம் என்பதற்குப் பெரிய முன்னுதாரணம், உயிர்த்த ஞாயிறு தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரி 12 அன்று வந்த தீர்ப்பு. முன்கூட்டிய புலனாய்வுத் தகவல் இருந்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் பொலிஸ் மா அதிபர் 75 மில்லியன் ரூபா செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. உயிர்கள் பறிபோன அந்த வழக்கை மாட்டுக் களவோடு சமப்படுத்த முடியாது, அதே தொகையை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் "தெரிந்திருந்தும் ஏன் தடுக்கவில்லை" என்ற கேள்வியை நீதிமன்றம் ஏற்கிறது.

நட்டஈட்டுக்கு வேறு வழிகளும் உண்டு. குற்றம் நிரூபணமானால், நட்டமடைந்தவருக்குக் குற்றவாளி பணம் கொடுக்குமாறு அதே நீதிமன்றம் கட்டளையிடலாம். அதனால் தீர்ப்புக்கு முன்பே உங்கள் நட்டக் கணக்கைப் பொலிஸ் மூலம் கோவையில் சேர்ப்பியுங்கள். அரசுக்கு எதிராகக் குடியியல் வழக்குப் போடுவதென்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் அனுப்ப வேண்டும். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையத்துக்குப் போகலாம். போகும்போது முறைப்பாட்டுப் பிரதி, உரிமை காட்டும் பத்திரங்கள், வருமானத்துக்குக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.