டயாலிசிஸ் கட்டில் பக்கத்தில் சாட்சி சொல்லலாமா?

நர்சிங் முடித்து எங்கள் டயாலிசிஸ் யூனிட்டுக்கு வரும் கிறிஸ்தவப் பிள்ளைகளில் சிலருக்கு, ஆண்டவரைப் பற்றி யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற ஆர்வம் அடக்க முடியாமல் இருக்கிறது. அதில் நான் குறை காணவில்லை, நானும் அப்படிப்பட்ட சபையில் வளர்ந்தவள்தான். ஆனால் எங்கே, யாரிடம், எப்போது என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

டயாலிசிஸ் என்றால் சுமார் நாலு மணி நேரம், அதுவும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. ஃபிஸ்டுலா போட்ட கையில், அதாவது ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்த கையில், இரண்டு ஊசி குத்தியிருக்கும், கையை மடக்கக்கூட முடியாது. அப்படிப் படுத்திருப்பவர் தலைமாட்டில் நின்று சுவிசேஷக் கைப்பிரதி வாசித்தால், பிடிக்கவில்லை என்று எழுந்தா போக முடியும்? தலையாட்டத்தான் செய்வார், ஏனென்றால் அடுத்த தடவையும் ஊசி குத்தப்போவது நீங்கள்தான். அந்தத் தலையாட்டலை விசுவாசம் என்று எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பயம் என்றுதான் படுகிறது.

நோயாளிகள் நம்மைக் கவனிப்பது வேறு விதம். யார் குத்தினால் வலிக்காது, கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்போது யார் போனை வைத்துவிட்டு ஓடிவந்து பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடிப்பார், அலாரம் அடித்தால் யார் முதலில் முகத்தைப் பார்ப்பார், யார் பட்டனை மட்டும் அமுக்கிவிட்டுப் போவார், ஆயாம்மாவிடம் யார் எப்படிப் பேசுவார், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. காலை ஷிப்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மெஷினைத் தயார் பண்ணும் ஒரு பிள்ளையிடம் பெரியவர் ஒருவர், "உனக்கு மட்டும் எங்கேருந்தும்மா இவ்வளவு உற்சாகம்?" என்று அவராகவே கேட்டார். ரெண்டே வரியில் பதில் சொல்லிவிட்டு அவள் பிபி பார்க்கப் போய்விட்டாள். மீதியை அடுத்த வாரம் அவரே கேட்டார்.

பேதுருவும் முதல் நிருபம் 3:15-ல் விசாரித்துக் கேட்கிறவர்களுக்குத்தான் பதில் சொல்லச் சொல்கிறார், அதுவும் சாந்தத்தோடு. கேட்டபிறகு நழுவுவதும் சரியில்லை.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை நம் ஜனங்களுக்குத் தெரிந்ததுதான். ஆண் டாக்டர் வேண்டாம் என்று வீட்டார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனார்கள், அதைப் பார்த்துத்தான் மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்த அந்தப் பெண் மருத்துவம் படித்து 1900-ல் திரும்பி வந்தார். அவரை அசைத்தது பிரசங்கம் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். "ஜெபம் பண்ணுங்க, கிட்னி சரியாகிடும்" என்று எந்த ஸ்டாஃபும் சொல்லக் கூடாது. வெளியே யாரோ கொடுத்த அப்படியொரு வாக்கை நம்பி, டயாலிசிஸுக்கு வராமல் நின்றுபோய், நுரையீரலில் நீர் கோத்து படுக்கவும் முடியாமல் மூச்சு வாங்க வருகிறவர்களை எமர்ஜென்சியில் பார்த்திருக்கிறேன். டயாலிசிஸ் இல்லாமல் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். விசுவாசம் இருக்கட்டும், அப்பாயின்ட்மெண்ட்டும் இருக்கட்டும்.

அப்புறம், நோயாளியே ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள், மெதுவாக, சுருக்கமாக, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல். அந்தப் பக்கத்துக் கட்டில்காரருக்கு வீட்டிலிருந்து விபூதி கொண்டுவந்தால் அதற்கும் வழிவிடுங்கள். நெற்றியில் தாராளமாகப் பூசட்டும், ஊசி இருக்கும் கைப்பக்கம் மட்டும் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.