அந்த பிட்டைப் போட்டது யார்?

போன மாதம் ஒரு இளம் கீபோர்ட் கலைஞர் என் அலுவலகத்துக்கு வந்தார். நண்பரின் பாட்டுக்கு அவர் போட்டுக்கொடுத்த பிட்டை, அதாவது சின்ன இசைத் துணுக்கைத்தான், இப்போது பலரும் முணுமுணுக்கிறார்கள். ஆனால் பாட்டின் கீழே அவர் பெயர் 'கீபோர்ட்' என்ற இடத்தில் மட்டும்தான் இருக்கிறது, 'இசை' என்ற இடத்தில் இல்லை. எதையாவது எழுதி வாங்கினீர்களா என்று கேட்டேன். "நண்பன்தானே சார், எப்படிக் கேட்பது?" என்றார். காப்புரிமை வழக்குகள் நடத்தும் நான் அடிக்கடி கேட்கும் பதில் இது.

அவருக்கு இங்கிலாந்து ஆர்கன் கலைஞர் மேத்யூ ஃபிஷரின் கதையைச் சொன்னேன். 1967இல் அவருடைய புரோக்கல் ஹாரம் என்ற ராக் குழு வெளியிட்ட 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டில் வரிகள் மறந்தாலும் தொடக்கத்து ஹாமண்ட் ஆர்கன் (கீபோர்ட் போன்ற மின்னிசைக் கருவி) மறக்காது. ஜெர்மன் இசைமேதை பாக்கின் சாயலோடு நிதானமாக இறங்கிவரும் அந்த 8 பார் (தாளச் சுற்று) மெட்டு ஃபிஷருடையது. கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பாடும் மெட்டும் கேரி புரூக்கர் போட்டவை, வரிகள் கீத் ரீட் எழுதியவை. ஃபிஷர் குழுவில் சேரும் முன்பே பாட்டின் உரிமை அந்த இருவர் பெயரில் பதிப்பகத்துக்குப் போயிருந்தது.

ஃபிஷர் வழக்குப் போட்டது 2005இல், 38 ஆண்டுகள் கழித்து. 2006இல் உயர் நீதிமன்றம் இசையில் 40 சதவீதம் அவருக்கு என்றது. மேல்முறையீட்டில் இணை ஆசிரியர் என்பது நிலைத்தது, ஆனால் தாமதத்தைக் காட்டிப் பணத்தை மறுத்தார்கள். 2009இல் அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை பங்கைத் திருப்பிக் கொடுத்தது. அப்போதும் வழக்குக்கு முந்தைய ராயல்டி வரவில்லை. பாட்டு கொடிகட்டிப் பறந்த காலத்துப் பணம் போனது போனதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். கொடுத்த கார்டை அப்படியே வாசித்திருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்காது. தனியே அடையாளம் தெரியும் ஒரு மெட்டை அவர் உருவாக்கியதால்தான் வந்தது.

அதே 1967இல் அமெரிக்க ராக் குழுவான தி டோர்ஸின் 'லைட் மை ஃபயர்' வந்தது. பாட்டு பெரும்பாலும் குழுவின் கிட்டார் கலைஞர் ராபி கிரீகருடையது, எல்லோருக்கும் நினைவிருக்கும் ஆர்கன் தொடக்கம் கீபோர்ட் கலைஞர் ரே மன்சாரெக்குடையது. உருவாக்கியவர் என்ற இடத்தில் 'தி டோர்ஸ்' என்று குழுவின் பெயரையே போட்டு, வருமானத்தை நால்வரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ரெக்கார்டிங் அன்றே யார் எதைப் போட்டார்கள், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கணினியில் பாட்டு உருவான ப்ராஜெக்ட் ஃபைலைத் தேதியோடு வைத்திருங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள்.

அந்த இளைஞரும் அங்கேயே போனைத் துழாவினார். பிட்டை அனுப்பிய இரவு நண்பரிடமிருந்து வந்த பதில் இன்னும் இருந்தது: "மச்சி, பாட்டே இப்பதான்டா பாட்டாச்சு!" வழக்குக் கட்டில் முதல் தாளாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.