ஆர்டிஃபாக்ட் – புழங்குபொருள்

'ஆர்டிஃபாக்ட்' என்ற சொல்லைத் தமிழில் கலைப்பொருள், தொல்பொருள், கைவினைப்பொருள் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். மூன்றும் நல்ல சொற்கள்தான். ஆனால் மூன்றும் ஆளைப் பார்த்துக் கதவு திறக்கின்றன.

மூலம் இலத்தீன். 'ஆர்த்தே' என்றால் கைத்திறனால், 'ஃபாக்டும்' என்றால் செய்யப்பட்டது. அழகு, பழமை, விலைமதிப்பு பற்றியெல்லாம் அந்தச் சொல்லில் பேச்சே இல்லை. ஆற்றில் உருண்டு வழவழப்பான கூழாங்கல் ஆர்டிஃபாக்ட் ஆகாது. அதையே ஒருவர் உடைத்துக் கூராக்கினால் ஆகிவிடும். நேற்று அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மூடியும் ஆர்டிஃபாக்ட்தான். தொல்பொருள் என்றால் அந்த மூடிக்கு இடமில்லை. கலைப்பொருள் என்றால் கூராக்கிய கல்லுக்கு இடமில்லை. கைவினைப்பொருள் என்றால் ஆலையில் செய்தவை அத்தனையும் வெளியே நிற்கும்.

சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'செய்பொருள்' சரியாக வரும். ஆனால் பொருள் செய்தல் என்றாலே பழைய வழக்கில் செல்வம் சேர்ப்பது. குறளின் 'செய்க பொருளை' அதைத்தான் சொல்கிறது. அதைவிடப் பெரிய குறை, செய்தவரின் கையோடு இந்தச் சொல் நின்றுவிடுகிறது. பொருளின் வாழ்வு அதற்குப் பிறகுதானே தொடங்குகிறது!

ஒரு பழைய கத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அலகின் நடுப்பகுதி தேய்ந்து உள்வாங்கியிருக்கும். அங்கேதான் வெட்டும் அதிகம், தீட்டலும் அதிகம். மரப்பிடியில் கட்டைவிரல் அழுந்துகிற இடம் மட்டும் பளபளவென்று குழிந்திருக்கும். எந்தப் பக்கம் குழி என்று பார்த்தால், புழங்கியவர் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்று ஓரளவு ஊகிக்கலாம். பிடியைச் சுற்றிக் கம்பி கட்டியிருந்தால், விரிசல் விட்ட பிறகும் தூக்கிப்போட மனம் வராத ஒருவர் இருந்திருக்கிறார். இதில் எதுவும் கொல்லர் செய்ததல்ல. எல்லாம் புழக்கம் செய்தது.

அதனால்தான் நாட்டார் வழக்காற்றியலில் வழங்கும் 'புழங்குபொருள்' என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. புழங்குதல் என்பது வெறும் பயன்படுத்துதல் அல்ல. நாலு பேர் புழங்குகிற இடம் என்கிறோம், கையில் பணம் புழங்குகிறது என்கிறோம், வீட்டுப் புழக்கத்துக்கு என்று தனியாக எடுத்து வைக்கிறோம். ஆள், இடம், பழக்கம் மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன.

பெரிய கலைப்படைப்புகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்பேன். ஏதென்ஸ் நகரின் பார்த்தினான் கோயிலில், கி.மு. 5ஆம் நூற்றாண்டில், சுமார் 160 மீட்டர் நீளத்துக்குப் புடைப்புச் சிற்ப வரிசை ஒன்றைச் செதுக்கினார்கள். அது தரையிலிருந்து ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தில், தூண்வரிசைக்கு உட்புறமாக ஓடியது. அதில் ஏறத்தாழப் பாதி இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கண்மட்டத்தில் இருக்கிறது. கிட்டே நின்று பார்த்தால் உருவங்களின் மேற்பாதி கீழ்ப்பாதியைவிடச் சற்று அதிகமாகப் புடைத்திருப்பது தெரியும். கண்மட்டத்தில் அதற்குக் காரணம் விளங்காது. தலையை அண்ணாந்து பார்க்கிறவருக்காகச் செதுக்கியது என்று தெரிந்ததும் விளங்கிவிடும். சிற்பத்தை இடத்திலிருந்து கழற்றியபோது அந்த அண்ணாந்த பார்வையும் சேர்ந்து கழன்றுவிட்டது.

தமிழில் 'பொருள்' என்பது பண்டத்தையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். 'எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே' என்கிறது தொல்காப்பியம். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கும் அதன் உட்கருத்தைக் காண்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. புழங்குபொருள் என்று எழுதும்போது, புழக்கத்தில் பிறந்த அர்த்தம் என்ற ஒலியும் அதில் கேட்கிறது.

செய்த முறையை மட்டும் பேசுகிற இடத்தில் செய்பொருள் என்றே எழுதலாம். மண்ணுக்கடியில் கிடைத்த பழம்பொருளுக்குத் தொல்பொருள் இருக்கவே இருக்கிறது. ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவப் படங்களிலும் வரும் ஆர்டிஃபாக்ட் மட்டும் முற்றிலும் வேறு. நுண்ணோக்கிக் கண்ணாடியில் சிக்கிய காற்றுக்குமிழி, படமெடுக்கும்போது உடம்பு அசைந்ததால் விழுந்த கோடு போன்றவை அவை. உண்மையில் இல்லாத ஒன்று கருவியாலோ செய்முறையாலோ இருப்பதுபோல் தெரிகிறது. அங்கே 'போலித்தோற்றம்' என்று எழுதுங்கள்.