வெளியே போகும் மூச்சு

இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர்கீழே, வலது கையின் இரண்டு விரல்களை வையுங்கள். நாடி கிடைத்ததா? சரி, இப்போது மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும். விடும்போது இடைவெளி கூடும். எல்லோருக்கும் உடனே பிடிபடாது, வயது ஏற ஏற இந்த வித்தியாசம் குறைந்தும் போகும். ஜெர்மன் உடலியலாளர் கார்ல் லுட்விக் இதை 1847இலேயே பதிவுசெய்துவிட்டார்.

இதயத்தைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். அதை எழுபது சொச்சத்தில் இழுத்துப் பிடித்திருப்பது வேகஸ் நரம்பு. மூளைத்தண்டில் கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் என்று கிளை பரப்பும் நரம்பு அது. மூச்சை இழுக்கும்போது இந்த பிரேக் கொஞ்சம் தளர்கிறது. விடும்போது மறுபடி அழுத்துகிறது. வெளிமூச்சை நீட்டினால் பிரேக்கின்மேல் கால் சற்றுக் கூடுதல் நேரம் இருக்கும், அவ்வளவுதான்.

கெட்ட செய்தி வந்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது. மூச்சு மட்டும் ஓடும். உடனே பக்கத்திலிருப்பவர் "மூச்சை நல்லா இழுத்து விடு" என்பார். அன்பாகச் சொல்வதுதான், ஆனால் பாதி தவறு. படபடவென்று மூச்சு வாங்குகிற ஆரோக்கியமான ஆளுக்கு ஆக்சிஜன் பஞ்சமே இல்லை. இரத்தத்தில் அது ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கிறது. குறைவது கார்பன் டைஆக்சைடு. அது குறைந்ததும் மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, தலை கிறுகிறுக்கிறது. இரத்தத்தின் காரத்தன்மை ஏறுவதால் விரல் நுனிகளும் உதட்டோரமும் மரத்துப்போய் ஊசி குத்துகின்றன. 'எனக்கு என்னமோ ஆகுது' என்று பயம் ஏறுகிறது, மூச்சு இன்னும் வேகமெடுக்கிறது. இந்த நேரத்தில் பெரிது பெரிதாக வேறு இழுத்தால்?

மூச்சின் தாளம் பிறக்கும் இடம், மூளைத்தண்டிலுள்ள ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம். 1991இல் அடையாளம் காணப்பட்ட அதற்கு பிரீ-போட்சிங்கர் தொகுதி என்று பெயர். (பக்கத்துத் தொகுதிக்கு ஒரு மாநாட்டில் ஒயின் பாட்டிலைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், அதை ஒட்டி வந்தது இது. விஞ்ஞானிகளும் மனிதர்கள்தானே.) இங்கிருந்து, மூளையை உசுப்பி விழிப்பாக வைக்கும் பகுதிக்கு நேரே சேதி போகிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், சேதி கொண்டுபோகும் அணுக்களை எலிகளில் நீக்கியதும், அவை வழக்கத்தைவிடச் சாந்தமாகிவிட்டன. மனிதருக்கும் அப்படியே என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் மனம் மூச்சை ஆட்டிவைப்பதுபோல மூச்சும் மனதை ஆட்டிவைக்கும் என்பதற்கு இது நல்ல தடயம்.

நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். 4 எண்ணி மூக்கால் இழுத்து, 6 எண்ணி விட்டால் நிமிடத்துக்கு 6தான் வரும். ஏறத்தாழ இந்த வேகத்தில், இரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சைச் செயலும் மூச்சும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்கின்றன, ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல.

இதெல்லாம் தெரிந்திருந்தும், ஒரு நள்ளிரவு போன் அழைப்புக்குப் பிறகு எனக்கு நாலுவரைகூட எண்ண வரவில்லை. மூக்குத் துவாரத்தின் விளிம்பை மட்டும் கவனித்தேன்: உள்ளே போகும் காற்று சில்லென்று, வெளியே வருவது வெதுவெதுப்பாக. நாலைந்து மூச்சுக்கு ஒருமுறை மனம் அந்த அழைப்புக்கே ஓடும். அப்புறம் மறுபடி மூக்கு நுனி. அரை மணி நேரம் இப்படியே போனது. வருத்தம் குறையவில்லை, எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ள முடிந்தது.

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே இன்னும் மூச்சு முட்டும். அவர்கள் அதை விட்டுவிட்டு, உள்ளங்கால் தரையில் அழுந்துவதையோ காதில் விழும் சத்தத்தையோ கவனிக்கலாம். நெஞ்சு வலியோ உண்மையான மூச்சுத்திணறலோ இருந்தால் எண்ணிக்கொண்டு உட்காராமல் மருத்துவரிடம் போக வேண்டும்.