ஹைட்ரோமார்பாலஜி: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆறு எப்படி இருக்கிறது என்று தெரியாது. தண்ணீர் சுத்தமாகவே இருக்கலாம். ஆனால் இரு கரையும் கான்கிரீட், வளைவுகள் எல்லாம் நேராக்கப்பட்டுவிட்டன, குறுக்கே ஒரு தடுப்பணை, அடியில் மணலும் இல்லை கூழாங்கல்லும் இல்லை என்றால், மீன் எங்கே போய் முட்டையிடும்? ஆற்றின் இந்த உடல்வாகைப் பார்ப்பதுதான் ஹைட்ரோமார்பாலஜி.

வேர் கிரேக்கம். 'ஹூடோர்' என்றால் நீர், 'மார்ஃபே' உருவம், 'லோகோஸ்' இங்கே இயல் என்ற பொருளில் வருகிறது. மார்பாலஜி என்ற பின்பாதியை, செடிகளின் வடிவத்தை ஆராய்ந்த ஜெர்மானியக் கவிஞர் கெதேயோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். முழுச்சொல் பரவலானதற்கு, ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் கொண்டுவந்த நீர்க் கட்டமைப்பு ஆணை முக்கியக் காரணம். ஆறுகளில் மூன்றைப் பார்க்கச் சொல்கிறது அது: நீர் எவ்வளவு, எப்படி ஓடுகிறது; மீனும் மணலும் தடையில்லாமல் போய்வர முடிகிறதா; ஆழம், அகலம், அடிமண், கரையோரம் ஆகியவை எந்த நிலையில் இருக்கின்றன.

சரி, தமிழில்? மார்பாலஜிக்கு நம்மிடம் ஒரே சொல் கிடையாது. மொழியியலில் அது உருபனியல், தாவரவியலில் புற அமைப்பியல். நில உருவங்களைப் பற்றியது என்றால் புவிப்புறவியல். ஹைட்ரோவுக்கு 'நீர்' என்று போட்டு 'நீருருவியல்' என்று ஒட்டிவிடலாம்தான். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நீருக்கு ஏது உருவம்? ஊற்றிய பாத்திரத்தின் உருவம்தானே! இங்கே ஆராய்வது அந்தப் பாத்திரத்தையும், அதற்குள் நீர் ஓடும் விதத்தையும். அதனால் ஆற்றைப் பேசும்போது 'ஆற்றுருவியல்', ஏரி, கடலோரம் எல்லாம் சேர்ந்தால் 'நீர்நிலை உருவியல்' என்பதே பொருந்தும். புறவியல் என்றும் சொல்ல வேண்டாம். ஆற்றின் அடித்தளம் புறம் அல்ல. வெறும் 'நீரியல்' வேறு துறை, ஹைட்ராலஜி.

துறையின் பெயருக்குத்தான் இத்தனை யோசனை. களத்தில் இறங்கினால் சொற்கள் முன்பே காத்திருக்கின்றன. பிரிட்டனில் நடக்கும் ஆற்று வாழிடக் கணக்கெடுப்பில் 500 மீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டு, 50 மீட்டருக்கு ஒன்றாகப் பத்து இடங்களில் நின்று குறிப்பெடுப்பார்கள். அங்கே குறிக்க வேண்டியவற்றில் பலவற்றுக்கு நம்மிடம் பெயர் உண்டு. ஆழமாகத் தேங்கும் இடம் மடு. கோடையில் நீர் வற்றும்போது மீன்கள் ஒதுங்குவது அங்கேதான். இயல்பான கூழாங்கல் ஆற்றில் மடுவும், கல்லில் சலசலத்து ஓடும் ஆழமற்ற பகுதியும் மாறி மாறி வரும். ஒரு சலசலப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஆற்றின் அகலத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு தூரம் இருக்கும். வளைவை நேராக்கினால் இந்த ஒழுங்குதான் முதலில் அடிபடும். நீரோட்டம் மணலில் வரைந்துவிட்டுப் போகும் நெளிகோடு அறல். சங்கப் புலவர்கள் பெண்களின் கூந்தலுக்கு உவமை தேடிப் போனது அதனிடம்தான்.

ஆற்றின் நடுவே தெரியும் மேட்டை அந்தக் கணக்கெடுப்பு ஒரே பெயரில் அடக்குவதில்லை. வெறும் மணல்திட்டு வேறு, மரம் வளர்ந்து நிலைத்த தீவு வேறு. முன்னதற்கு எக்கர், பின்னதற்குத் துருத்தி என்று எழுதிக்கொள்ளலாம்.