பத்து மணிக்குள் ஒரு நோட்டீஸ், எழுந்து நிற்க ஐம்பது பேர்

நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்றதும் நினைவுக்கு வருவது அனல் பறக்கும் விவாதமும் கடைசியில் வரும் வாக்கு எண்ணிக்கையும்தான். ஆனால் பல தீர்மானங்கள் அந்தக் கட்டத்துக்கு வருவதே இல்லை. நோட்டீஸோடு நின்றுவிடுகின்றன.

மக்களவையில் இதற்கான விதி 198. ஒரே ஒரு உறுப்பினர் கையெழுத்திட்டு, அன்று காலை 10 மணிக்குள் மக்களவைச் செயலகத்தில் நோட்டீஸ் கொடுத்தால் போதும். அவை கூடுவது 11 மணிக்கு. பத்தைத் தாண்டி வந்த நோட்டீஸ் அடுத்த அமர்வு நாளுக்குப் போய்விடும். காரணம் எதையும் எழுத வேண்டியதில்லை. 'அமைச்சரவை மீது இந்த அவைக்கு நம்பிக்கை இல்லை' என்ற ஒரு வரியே தீர்மானம். வழக்கமான அலுவலை நிறுத்திவைத்து ஒரு அவசரப் பிரச்சினையை விவாதிக்கக் கோரும் ஒத்திவைப்புத் தீர்மானம் அப்படியல்ல, எந்தப் பிரச்சினைக்காக என்று அதில் குறிப்பாகச் சொல்லியாக வேண்டும்.

சரி, நோட்டீஸ் விதிப்படி இருக்கிறது. அப்புறம்தான் சிக்கலே. சபாநாயகர் அதை அவையில் வாசித்து, ஆதரிப்பவர்களை அவரவர் இடத்தில் எழுந்து நிற்கச் சொல்வார். குறைந்தது 50 பேர் நின்றால் அனுமதி கிடைக்கும். அன்றிலிருந்து 10 நாட்களுக்குள் விவாதத்துக்கு எடுத்தாக வேண்டும். 'அவரவர் இடத்தில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தலைகளை எண்ண வேண்டுமென்றால் அவை அமைதியாக இருக்க வேண்டும்.

2018 மார்ச்சில் ஆந்திராவுக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்டு ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸும் தெலுங்கு தேசமும் நோட்டீஸ் கொடுத்தன. 2014 தேர்தலில் தெலுங்கு தேசம் வென்றது 16 இடங்கள்தான். ஆனாலும் மற்ற எதிர்க்கட்சிகளின் ஆதரவு இருந்ததால் 50 என்பது எட்டாத எண்ணிக்கை அல்ல. அதே நாட்களில் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அ.தி.மு.க. உறுப்பினர்கள் அவையின் மையப்பகுதியில் நின்று முழக்கமிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த அமளியில் எண்ண முடியாது என்றார் சபாநாயகர் சுமித்ரா மகாஜன். நோட்டீஸ் மறுபடி மறுபடி கொடுக்கப்பட்டது. ஏப்ரல் 6-இல் கூட்டத்தொடரே முடிந்துவிட்டது.

இது விதியில் இருக்கும் பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன். தீர்மானத்துக்குச் சம்பந்தமில்லாத சிலர் கூச்சல் போட்டாலே அரசு மீதான விவாதம் நின்றுபோகிறது. குடியரசுத் தலைவர் மீதான குற்றச்சாட்டுத் தீர்மானத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதற்கு அவை உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு 14 நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் தர வேண்டும். கையெழுத்தை எந்தச் சத்தத்திலும் எண்ணலாமே!

அந்த ஆண்டு ஜூலையில் அவை அமைதியாக இருந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் எழுந்து நின்றார்கள், அனுமதி கிடைத்தது. ஜூலை 20 அன்று விவாதம் நடந்து, 126-க்கு 325 என்ற கணக்கில் தீர்மானம் தோற்றது.